சனிக்கிழமைச் சீட்டு

ஜன்னல் ஓரத்தில் நீங்களே இருங்கள் அம்மா. இவளுக்குக் காற்று ஆகாது. கோவில்பட்டி வரைக்கும்தானே? நானும் அங்கேதான். சாத்தூரில் பஸ்ஸின் பாதிக் கூட்டம் இறங்கிவிடும், அப்புறம் காலை நீட்டி உட்காரலாம். பாப்பா பெயர் ஆதிரை. எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடக்கிறது. பல் இரண்டு. நீங்கள் கேட்கவில்லை, தெரியும். எப்படியும் எல்லோரும் கேட்பார்கள் என்று நானே முந்திக்கொண்டேன்.

எனக்கு வேலை சிவகாசியில், ஒரு காலண்டர் கம்பெனியில். தினம் ஒரு தாள் கிழிக்கிறோமே, அந்தக் காலண்டர். அச்சுக்குப் போகும் முன்னால் ஒப்புப் பார்க்கிற வேலை. நான் வாய்விட்டு வாசிக்க வேண்டும். எதிரில் பாக்கியத்தாய் அக்கா மூலப்பிரதியை வைத்துக்கொண்டு, வரிவரியாக விரலால் தொட்டுக்கொண்டே வருவார். புதன், தேய்பிறை, சதுர்த்தி, ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை, சூலம் வடக்கு, பரிகாரம் பால். இப்படி முந்நூற்று அறுபத்தைந்து தாள். உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும். கான்வென்டில் படித்த பெண் என்றுதான் என்னை எடுத்தார்கள். கான்வென்டில் தமிழா என்று கேட்காதீர்கள். சிஸ்டர் அன்டோனிட்டா தமிழுக்கும் சேர்த்தே அடிப்பார். கையெழுத்துக்குத் தனியாக அடிப்பார். இன்றைக்கும் நான் இங்க் பேனாவில்தான் எழுதுகிறேன். எங்கள் கம்பெனியில் இங்க் பேனா வைத்திருக்கிறவள் நான் ஒருத்திதான்.

அந்த வாசிப்பறையில் ஒரு தொட்டில் இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இவளுக்கு மூன்று மாதம் ஆகும்போது வேலையில் சேர்ந்தேன். இவள் அப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். எங்களுடையது வீட்டார் ஒப்பாத கல்யாணம், என் அம்மா வீட்டு வாசலில் நான் நிற்க முடியாது. வாடகை வீட்டில் நானும் இவளும்தான். யாரிடம் விடுவது? முதல் நாள் இடுப்பில் வைத்துக்கொண்டே போய் நின்றேன். பாக்கியத்தாய் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். மறுநாள் தன் பழைய நூல் சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். உத்தரத்தில் முன்பு பேப்பர் எடைபோடத் தராசு மாட்டிய கொக்கி ஒன்று சும்மா இருந்தது, அதில் கட்டித் தொட்டில் போட்டுவிட்டார். ஒரு கயிற்றைத் தொட்டிலில் கட்டி, மறுநுனியைத் தன் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டார். கை மூலப்பிரதியில், கால் தொட்டிலில். நான் வாசிக்க வாசிக்க இவள் தூங்கிவிடுவாள். முதலாளி அந்தப் பக்கம் வருவது அபூர்வம். வந்தாலும் வாசலோடு போய்விடுவார்.

தொட்டில் இருக்கிறவரைதான் எனக்கு வேலை. தொட்டில் போனால் ஒன்று வேலையை விட வேண்டும், இல்லை இவளை எங்காவது விட வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இல்லாவிட்டால் நான் செய்ததெல்லாம் வேறு மாதிரி தோன்றும்.

எங்கள் முதலாளி குணசீலன் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜனங்கள் செல்போனிலேயே தேதி பார்த்துவிடுகிறார்கள், காலண்டர் ஆர்டர் வருடத்துக்கு வருடம் குறைகிறது. அந்தக் கவலையில் சித்திரை மாதம் கொடைக்கானலில் தொழிலதிபர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று போனார். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் எல்லா முதலாளிகளையும் வரிசையாக நிற்கவைத்து, இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்க ஆளுக்கொரு கல்லைக் கொடுத்து, கண்ணை மூடச் சொன்னாராம். கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறாராம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று. கல்லைக் கீழே போட்டால்தானே வாங்க முடியும்? எங்கள் முதலாளிக்கு அந்த நிமிஷம் அழுகை வந்துவிட்டதாம். அவரே சொன்னார். அந்தக் கல்லை ஊருக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறார். கீழே போட்ட கல்லை எதற்கு மறுபடி எடுத்துவந்தார் என்று சங்கரலிங்கம் அண்ணன் கேட்டார். அவர் மெஷின்மேன், அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு கேள்வி இருக்கும்.

திங்கட்கிழமை எங்கள் நாற்பத்து மூன்று பேரையும் கூட்டினார். இத்தனை வருஷமாகச் செய்கிறோம் என்பதற்காகவே செய்கிற காரியம் எத்தனை இருக்கிறது, அதையெல்லாம் விட்டால்தான் புதுசுக்கு இடம் கிடைக்கும், எதை விடலாம் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும் என்றார். பால்கோவா டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு வைத்தார். சீட்டில் எழுதிப் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம். சனிக்கிழமை நாலு மணிக்குத் திறந்து வாசிப்பது, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையிலிருந்து விட்டுவிடுவது, அந்தச் சீட்டை நோட்டீஸ் போர்டில் குத்திவைப்பது. வாசிக்கிற வேலை எனக்கு. குரல் இருக்கிறதே.

நாற்பத்து இரண்டு பேரில் யாராவது ஒருத்தர் தொட்டில் என்று எழுதிவிட்டால் போதும். யோசித்துப் பார்த்தேன். முதலாளி கைக்கு வாரம் ஒரு பழக்கம் கிடைத்துக்கொண்டே இருந்தால் வாசிப்பறைப் பக்கம் திரும்ப அவருக்கு எங்கே நேரம்? அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். யார்மேலும் எனக்கு ஒன்றும் கிடையாது.

முதல் சனிக்கிழமை மூன்றே சீட்டு. இரண்டில் டீ இன்னும் கொஞ்சம் பெரிய டம்ளரில் வேண்டும் என்று இருந்தது, அது பழக்கத்தை விடுவதில் சேராது. மூன்றாவது என்னுடையது. காலையில் மெஷினுக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைத்து, சூடம் அணையும்வரை இருபது நிமிஷம் எல்லோரும் நிற்பதை விடலாம் என்று எழுதியிருந்தேன். நானே வாசித்தேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சங்கரலிங்கம் அண்ணன் இருபத்தாறு வருஷமாக அந்தச் சூடத்தைக் காட்டி வருகிறாராம். தேங்காய்ச் சில்லு எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று கிடைக்கும், அதுவும் நின்றது. தேங்காய் கொழுப்புதானே.

அடுத்தது ஆல்பம். ஆடிப்பெருக்கு அன்றைக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கோர்த்து வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதை வாட்ஸப்பில் அனுப்பினால் என்ன என்று எழுதினேன். அம்மா, அது நல்ல யோசனை, நானே சொல்லக் கூடாது. வைகாசி கடைசியிலேயே மலேசியாவிலிருந்து ஆர்டர் வந்துவிட்டது. ஒவ்வொரு கடைக்காரருக்கும் அவர் குடும்பப் படத்தையே போட்டுத் தருகிறோம். முதலாளி முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. ஆல்பம் கோர்த்துக்கொண்டிருந்த மாரிக்கனியைத் தகரம் அடிக்கிற பக்கம் மாற்றினார்கள். காலண்டர் உச்சியில் தகரப் பட்டை இருக்கிறதல்லவா, அது. விரலைக் கொஞ்சம் வெட்டும். பழகிவிடும்.

அதே மாரிக்கனிக்காகத்தான் கம்பெனி வேன் திருத்தங்கலில் பத்து நிமிஷம் நிற்கும். அவள் மாமனாருக்கு வாதம், கழுவித் துடைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டு ஓடிவருவாள். வேன் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை என்று ஆனி மாதம் ஒரு சீட்டு வந்தது. வந்தது என்றால், நான் எழுதியது. மூன்று நாள் அவள் நடந்தே வந்தாள். நான் கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன், எனக்கு வேன் இல்லாமலே பழக்கம். நடப்பது உடம்புக்கு நல்லது என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

வாட்ச்மேன் வேலுமயில் தாத்தாவுக்கு ஒரு நாற்காலி இருந்தது. பெரிய கம்பெனிகளில் வாட்ச்மேன் நின்றுகொண்டுதான் இருப்பார். அதைக்கூட நான் மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன், வாட்ச்மேன் அவர்கள் என்று.

முதலாளியும் தன் பங்குக்கு ஒன்றை விட்டார். காலை எட்டு மணிக்கே கம்பெனிக்கு வந்துவிடுகிற பழக்கத்தை. இப்போது பதினொன்றரைக்கு வருகிறார். அதற்கு எல்லோரும் கை தட்டினோம்.

இப்படியே பத்து வாரம் ஓடிற்று. யாருமே தொட்டிலைப் பற்றி எழுதவில்லை. மற்றவர்கள் எழுதுவதே நின்றுபோயிற்று, டப்பாவில் என் சீட்டு ஒன்றுதான் கிடக்கும். எழுத எனக்கும் விஷயம் தீர்ந்துகொண்டே வந்தது. கண்ணில் படுவதெல்லாம் எழுதியாகிவிட்டது. அப்போதுதான் பாக்கியத்தாய் அக்காவின் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

அக்காவுக்கு ஒரே பையன். காது கேட்காது, பேச்சும் இல்லை. விருதுநகரில் அந்த மாதிரிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் விடுதியில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை மட்டும் அக்கா நாலு மணிக்கே கிளம்பிவிடுவார். ஆறு மணிக்குள் போனால் பையனைக் கூட்டிக்கொண்டு வரலாம், பிந்தினால் விடுதியில் அனுப்ப மாட்டார்கள். ஏழு வருஷமாக இது நடக்கிறது. நானும் ரொம்ப யோசித்தேன் அம்மா. இரண்டு நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே, அன்றைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. பெயர் எழுதவில்லை. ஒருவர் மட்டும் வெள்ளிக்கிழமை முன்னதாகப் போவது என்று பொதுவாகத்தான் எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை அதை வாசித்தபோது அக்கா என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். முதலாளி கொஞ்சம் தயங்கினார். அக்காவே, "பரவாயில்லை மொதலாளி, எல்லாரும் விடும்போது நான் மட்டும் என்ன" என்று சொல்லிவிட்டார். அவ்வளவு பெருந்தன்மை. திங்கட்கிழமை வழக்கம்போல வந்தார், கட்டைவிரலில் கயிற்றை மாட்டிக்கொண்டார், வழக்கம்போல ஆட்டினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஆனால் எத்தனை நாளைக்கு? அந்த வாரம் எழுத ஒன்றுமே மிஞ்சவில்லை. கம்பெனியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பழைய பழக்கம் என்று சொல்ல அங்கே மிச்சம் இருந்தது தொட்டில் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள். சனிக்கிழமை சீட்டு எழுதிப் போடும் பழக்கத்தையே விட்டுவிடலாம் என்று எழுதினேன். இது முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று என்மேலேயே எனக்குக் கோபம். மடித்துக் கொண்டுபோய்ப் போட்டேன். டப்பாவுக்குள் சீட்டு சரியாக விழவில்லை. விரலால் தள்ளி உள்ளே அழுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் நாலு மணி. முதலாளி டப்பாவைத் திறந்தார். சீட்டுகள் மேஜை முழுக்கக் கொட்டின. கல்லை நகர்த்தி இடம் செய்தார். சீட்டுகளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தார், சந்தோஷத்தில். எல்லோரும் ஒரே நேரத்தில் முன்வருகிற நாள் ஒன்று வரும், அன்றைக்குத்தான் கம்பெனி மாறியது என்று அர்த்தம் என்று அந்தப் பயிற்சியாளர் சொல்லியிருந்தாராம். முதல் சீட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"வாசிப்பறைத் தொட்டில்" என்று வாசித்தேன்.

இரண்டாவது சீட்டு. வாசிப்பறைத் தொட்டில். மூன்றாவது. வாசிப்பறையில் கிடக்கும் தொட்டில். நான்காவதில் 'தொட்டி' என்றுதான் இருந்தது, ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. தொழில் பழக்கம், திருத்தித்தான் வாசித்தேன். பத்துச் சீட்டு ஆனதும் போதுமா சார் என்று முதலாளியைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எல்லாத்தையும் படிம்மா. ஒவ்வொருத்தர் கருத்தும் முக்கியம்."

படித்தேன். நாற்பத்து இரண்டு முறை வாசித்தேன் அம்மா. வேலுமயில் தாத்தாவுக்கு எழுதத் தெரியாது, படம் போட்டிருந்தார். ஒரு கொக்கி, அதிலிருந்து தொங்குகிற சேலை. படம் நன்றாகவே இருந்தது. அதையும் வாசிப்பறைத் தொட்டில் என்றே வாசித்தேன். இவள் அப்போது உள்ளே தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக வந்தது என் சீட்டு. அதை முதலாளியே வாங்கிப் பார்த்தார். இதுவும் சரிதான், இவ்வளவு ஒற்றுமை வந்தபிறகு இனி டப்பா எதற்கு, அடுத்த வாரத்திலிருந்து சீட்டும் வேண்டாம், இதுவே கடைசி என்றார். இந்தக் கையெழுத்தில் வந்த யோசனைகளால்தான் கம்பெனி இவ்வளவு தூரம் வந்தது, எழுதியவர் யாராக இருந்தாலும் நன்றி என்றும் சொன்னார். எனக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பெயர் எழுதவில்லை, அதனால் யாருக்கும் தெரிய வழியில்லை.

பிறகு என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "நீயே சொல்லு ரூபவதி, நீ படிச்ச பொண்ணு. எந்தக் கம்பெனியில ப்ரூஃப் பாக்குற ரூம்ல தொட்டில் தொங்குது?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். எந்தக் கம்பெனியிலும் இல்லை சார் என்றேன். உண்மை அதுதானே. கான்வென்டில் பொய் சொல்லப் பழக்கவில்லை. வெளியே வந்தால் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முழுக் கம்பெனியும் ஒரே மனதாக ஒன்றை விட்டதற்காக. எனக்கும் ஒன்று வந்தது. சாப்பிட்டேன்.

வாசிப்பறைக்குப் போனேன். அக்கா அதற்குள் இவளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இறுகிப்போன முடிச்சு, அவிழ நேரமாயிற்று. சேலையை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். அக்கா, நீங்களும் எழுதினீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உன் கையெழுத்து மாதிரி அழகா வராது எனக்கு" என்றார். "இருந்தாலும் எழுதுனேன்."

எல்லோருக்கும் என் கையெழுத்து பிடிக்கும். மாரிக்கனிகூட நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று அந்தச் சீட்டுகளை ரொம்ப நேரம் பார்ப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

இவளை என்ன செய்வது அக்கா என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம இருக்குல்ல" என்றார், "போய்ப் பாத்துக்கோ." அதைக்கூட அக்கா கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வழி காட்டினார். அன்றைக்குச் சாயங்காலமே கோவில்பட்டியில் இருக்கிற நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

யார் தூண்டிவிட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குப் புரியவே இல்லை. நாற்பத்து இரண்டு பேர். சங்கரலிங்கம் அண்ணனாக இருக்கலாம், அவருக்குப் படித்தவர்களைக் கண்டால் ஆகாது. நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? மூன்று மாதமாக எத்தனையோ போயிற்று, ஒரு நாளாவது நான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? நீங்களே சொல்லுங்கள்.

சாத்தூர் வந்துவிட்டது. பாருங்கள், நான் சொன்னேனே, பாதிக் கூட்டம் இறங்குகிறது.

நாத்தனார் நல்லவர்தான். மூன்று பையன்களை வளர்த்தவர். இவளை ஒரே ஒரு தடவை, பேர் வைத்த அன்று பார்த்திருக்கிறார். கவலைப்படாதே, ஒரு வாரம் அழும், அப்புறம் பழைய பழக்கமெல்லாம் விட்டுப்போய்விடும் என்று போனில் சொன்னார். ஒரு வாரம் என்றார். நான் வேலையை விட முடியாது அம்மா. இவள் அப்பாவுக்கு அங்கே நாலு மாதமாகச் சம்பளம் சரியாக வரவில்லை. விட முடியுமா என்று எல்லா விதத்திலும் பார்த்துவிட்டேன்.

இவள் இதுவரை என்னையும் அக்காவையும் தவிர வேறு யார் கையிலும் இருந்ததில்லை. இப்போது முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள், உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். டிரைவருக்குப் பின்னால் ஒரு சீட்டு காலியாகிவிட்டது. நான் ஒன்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே? இவளைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன். பயப்படாதீர்கள், விட்டுவிட்டு ஓட மாட்டேன், பையும் இங்கேயே இருக்கட்டும். கோவில்பட்டி வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

தலைக்குக் கீழே கையைக் கொடுங்கள். ஆம், அப்படித்தான்.

அழுதால் என்னைக் கூப்பிடாதீர்கள். அழாவிட்டால், அதையும் என்னிடம் சொல்ல வேண்டாம்.